தேறாத படகு

காலையில் மாலுமி முதலில் கோபித்துக்கொண்டது தன் செருப்பின்மீது. இடதுகால் செருப்பு குப்புறக் கிடந்தது. "உனக்கும் கவிழணுமா?" என்று அதைக் கேட்டுவிட்டுக் கால்விரலால் நிமிர்த்தினார். அடுத்தது கெட்டில். கொதிக்கத் தாமதம் செய்ததற்கு ஒரு திட்டு, கொதித்தபிறகு கத்தியதற்கு இன்னொரு திட்டு. வேலைக்குக் கிளம்பும்போது வாசற்கதவை அறைந்து சாத்தியதில் சுண்டுவிரல் நசுங்கியது. அறைந்தவர் அவர்தான், விரலும் அவருடையதுதான். ஆனாலும் திட்டு கதவுக்கே விழுந்தது.

அந்த வீட்டைச் சுற்றி அவரிடம் திட்டு வாங்காத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவனுக்குச் சேரவேண்டியதைத்தான் செருப்பும் கெட்டிலும் கதவும் இத்தனை மாதமாகப் பங்கு போட்டு வாங்கிக்கொண்டிருந்தன.

மாலுமி என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். தொழிலோ லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலே அனுப்பவும் கீழே இறக்கவும் தெரியும். முன்னே பின்னே போகும் வித்தையெல்லாம் அவருக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய ஃபைபர் விசைப்படகை டிரெய்லரில் ஏற்றி, குறுக்கே தொங்கிய ஒயர்களை மைத்துனன் துடைப்பக்கட்டையால் தூக்கிப் பிடிக்க, ஊர்வலமாகத் தெருவுக்குள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து மாலுமி. அந்தப் படகு அதற்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தது மழை பெய்தபோது மட்டும்தான், அதுவும் உள்பக்கம்.

அழகான படகு, அதில் சந்தேகமில்லை. ஃபைபரை எவ்வளவு பூசினால் தாங்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலத்தில், பயந்துபோய் அள்ளி அள்ளிப் பூசிச் செய்தது. முன்பக்கம் கோபித்துக்கொண்ட உதடு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். சிவப்பும் வெண்ணெய் நிறமும். "அந்தக் காலத்து ஃபைபர் சார், இரும்பு," என்று விற்றவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஃபைபருக்கு அடியில் மரம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. படகின் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள், பின்னால் இன்ஜின் மாட்டும் பலகை எல்லாம் மரம். மேலே ஃபைபர் மூடியிருந்ததால் வெளியே பளபளப்பு, உள்ளே ஈர டீத்தூள். விரலை விட்டால் விரல் உள்ளே போயிற்று.

பார்த்தவர்களெல்லாம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "இது தேறுமா?" என்ன விலை என்று கேட்டவர்களுக்கு மாலுமி படகு வாங்கிய விலையைச் சொல்வார். ஃபைபர் ஒட்டும் பிசின், கண்ணாடி நார்ப்பாய், மரைன் பிளைவுட், பழுதுபார்த்த இன்ஜின், கொட்டகை வாடகை இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது மரியாதையில்லை என்று இருந்துவிடுவார்.

அன்று காலை அவர் போன கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றிருந்தது. வாசலில் காவலாளி பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"சார், படகு எப்ப தண்ணில இறங்குது?"

"லிஃப்ட் எப்ப மேல ஏறும்னு கேளுங்க. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"இல்ல சார், சும்மா கேட்டேன். என் மச்சான் ஒருத்தன் இப்படித்தான் பழைய காரு ஒண்ண வாங்கிட்டு..."

"உங்க மச்சான் பேச்சை எங்கிட்ட எடுக்காதீங்க."

காவலாளிக்கு என்ன தப்பு செய்தோம் என்று புரியவில்லை. அவருடைய மச்சான் யாரென்றே மாலுமிக்குத் தெரியாது. அந்த உறவின் பேரைக் கேட்டாலே காது சுடும் நிலைமைக்கு அவர் வந்திருந்தார்.

விஷயம் இதுதான். படகு பாதி அவருடையது, பாதி மைத்துனனுடையது. மைத்துனன் ரொட்டி சுடுகிறவன். விடிவதற்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கி, மற்றவர்கள் மதியச் சாப்பாட்டை யோசிக்கும் நேரத்துக்கு முடித்துவிடுவான். மிச்சப் பொழுதையெல்லாம் படகுக்குக் கொடுத்தான். போன கோடையில் மாலுமியைக் கம்பெனி வெளியூருக்கு அனுப்பியது, ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்ட. மாமா திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று மைத்துனனுக்கு ஆசை. மேல்தளத்தைக் கழற்றினான். உள்ளே இருந்த அழுகல் கட்டைகள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், அறுத்து எடுத்தான். சுரண்டினான், கழுவினான், துடைத்தான். படகின் உள்வயிறு அலம்பி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. லிஃப்ட்காரருக்கு அது மூச்சு விடுவது மாதிரி. ஒரு பொருளைத் தாங்கிக்கொண்டிருப்பதைக் கழற்றுவதற்கு முன்னால் வேறொன்றைத் தாங்கவைப்பார், சங்கிலி போடுவார், கட்டை வைப்பார், அப்புறம்தான் ஸ்பேனரையே எடுப்பார். இதையெல்லாம் ஒருத்தனுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியாது. ரொட்டிக்காரனுக்கோ உலகம் வேறு. வெந்த ரொட்டியைத் தகர அச்சிலிருந்து கவிழ்த்தால் ரொட்டி தன் காலில் நிற்கும். ஓடு வெந்துவிட்டது, இனி உள்ளே எது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பது அவன் கணக்கு. டிரெய்லரின் உருளைகளுக்குப் பின்னால் படகின் பின்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைத் தகரத்துக்குக் கீழே வெயில் கொதித்தது. நாளாக ஆக, பின்பக்கம் சோர்ந்துபோன ஆள் மாதிரி மெல்லத் தொங்கியது. வேகமாக ஓடும் படகுக்கு அடிப்பக்கம் பின்னால் நேர்க்கோடாக இருக்க வேண்டும். இதற்கு அங்கே ஒரு வளைவு விழுந்துவிட்டது.

திரும்பி வந்த மாலுமி உள்ளே எட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். மைத்துனன் பாராட்டுக்காகப் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தான். மாலுமி விஷயத்தைச் சொன்னார். அவன் முகத்திலிருந்து ஒவ்வொரு பல்லாக மறைந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் தொண்டைவரை வந்த திட்டை விழுங்கிவிட்டு அவர் சொன்னார்:

"பரவாயில்ல, விடு."

அதோடு போயிற்று. அதாவது, போகவே இல்லை. விழுங்கியது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மைத்துனனிடம் அவர் மரியாதையாக நடந்துகொள்ள ஆரம்பித்தார். "வாடா" என்பது "வாங்க" ஆயிற்று. "அந்தச் சுத்தியலைத் தூக்கிப் போடுடா" என்பது "அதைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா" ஆயிற்று. வீட்டுக்கு வந்தால் நல்ல கோப்பையில் டீ. மைத்துனனும் தினமும் மதியம் கொட்டகைக்கு வந்தான், பின்பக்கத்துக்கு அடியில் வைத்த ஜாக்கிகளைத் துளித்துளியாகத் திருகி ஏற்றினான், புதுக் கட்டை ஒட்டவேண்டிய இடங்களைச் சுரண்டினான். சாயங்காலம் மாலுமி வருவார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அந்நியர்கள் மாதிரி வேலை செய்தார்கள்.

போன வாரம் மாலுமி படகுப் பட்டறைக்காரர் ஒருவரை வரவழைத்துக் காட்டினார். வந்தவர் நீளமான அலுமினிய மட்டக்கோலைப் படகின் அடியில் ஒட்டிப் பிடித்தார். கோலுக்கும் படகுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"நீங்க சொன்னதை வெச்சுப் பாத்தா, முன்னைக்கு இப்ப ஏறியிருக்கு," என்றார். "முழுசா ஏறாது. ஓடும். வேகம் புடிச்சா மூக்கைக் கொஞ்சம் தண்ணில விட்டுக்கிட்டு ஓடும்."

"தேறுமா?"

"உங்களுக்கு எவ்வளவு புடிக்கும் இதை?"

"அதை விடுங்க. தேறுமா?"

"தேறாது. மூணு துண்டா வெட்டினா லாரில போயிடும். நானா இருந்தா வெட்டிட்டு, அந்தக் காசுல ஓடற படகு ஒண்ணு வாங்குவேன்."

அந்தப் பட்டறைக்காரரின் மேலும் மாலுமிக்குக் கோபம். சரியான பதில் சொல்கிறவர்களின்மேல் வரும் கோபத்துக்கு மருந்தே கிடையாது.

பாதியில் நின்ற லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து அவர் ஒரு போல்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி கூப்பிட்டாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. பின்னால் யாரோ தும்மும் சத்தம் கேட்டது.

"ஏங்க, லிஃப்டுக்குள்ளயா இருக்கீங்க?"

"மேல இருக்கேன். சொல்லு."

"தம்பி கடைக்கு வந்தான். இருமல் மருந்து வாங்க. டாக்டர் எழுதின சீட்டைக் காட்டினான். தூசியாலதான் வருதாம். தூசிகிட்டயே போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்ப போகாம இருக்கட்டும்."

"நீங்க சொன்னா இருப்பான்."

"நான் எங்க அவனை வரச்சொன்னேன்?"

"வரச்சொல்லல. வராதன்னும் சொல்லல. நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் அவன் அந்த ஓட்டைப் படகைச் சுரண்டிக்கிட்டே கிடப்பான். பாவத்தைக் கழுவறானாம். நெஞ்சு போயிடும் அவனுக்கு."

"அது ஓட்டை இல்ல."

"பாத்தீங்களா. அதுக்கு மட்டும் உங்களுக்கு உடனே வாய் வருது," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

மாலுமி போல்ட்டை முடுக்கினார். லிஃப்ட் ஓடியது. காவலாளி நன்றி சொன்னதைக் காதில் வாங்காமல் வெளியே வந்து வேனில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஏதோ கரகரத்தது. தனக்கும் இருமல் வருகிறதோ என்று ஒரு கணம் நினைத்தார். வரவில்லை. வெறும் பயம்.

வராதே என்று அவனிடம் சொல்ல முடியாது. இத்தனை மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இப்போது வராதே என்று சொன்னால், அவன் அதைப் படகைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ள மாட்டான். மாமா என்னைக் கைகழுவிட்டார் என்று எடுத்துக்கொள்வான். அப்புறம் வீட்டுக்கே வரமாட்டான். உட்கார்ந்து பேசினால் தீரும் என்று வேறு யாருக்காவது தோன்றியிருக்கும். மாலுமிக்குத் தோன்றியது, படகு இல்லாவிட்டால் அவன் வர வேண்டியிருக்காது. லாரி, மூன்று துண்டு. மதியத்துக்கு மேல் லீவு சொன்னார்.

கொட்டகை, டயர் பஞ்சர் ஒட்டுகிற ஒரு கடைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போனதும் மாலுமி முகமூடியைப் போட்டுக்கொண்டார், கண்ணாடி மாட்டினார், கட்டிங் மெஷினுக்குப் புதுத் தகடு மாட்டினார். படகு உதட்டைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தது.

"என்னைப் பாக்காத," என்றார்.

வலப்பக்க விளிம்பில் தகட்டை வைத்தார். மெஷின் அலறியது. வெள்ளைத் தூசி பறந்தது. ஃபைபர் லேசில் விடவில்லை. நல்ல கனம். வெட்டிய இடம் மங்கலான பச்சையாக, தடிமனான கண்ணாடி மாதிரி, ஒரு புரைகூட இல்லாமல் இருந்தது. அழுகின ஒன்றை வெட்டுவதாக இருந்தால் கை பாட்டுக்கு வெட்டியிருக்கும். இது நல்ல உடம்பு. யாரோ முன்பின் தெரியாத ஆள், பல வருஷத்துக்கு முன்னால், பயந்து பயந்து, இன்னொரு கோட் போடு, இன்னொரு கோட் போடு என்று போட்டிருக்கிறான். அந்த ஆளின்மேலும் மாலுமிக்குக் கோபம் வந்தது. இத்தனை நன்றாகச் செய்துவைத்தால் மனுஷன் எப்படி வெட்டுவான்? பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கோடு ஒரு முழத்துக்கு இறங்கியது.

மெஷின் நின்றது.

திரும்பிப் பார்த்தால் சுவரோரம் மைத்துனன். பிடுங்கிய பிளக்கை, வாலைப் பிடித்துத் தூக்கிய எலி மாதிரி கையில் வைத்திருந்தான். புருவமெல்லாம் மாவு.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல?"

"தெரியுது. அதான் கேக்கறேன்."

"வெட்டறேன். லாரி வருது."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்?"

"பாதி என்னுது, மாமா."

"முன்பாதியா, பின்பாதியா? சொல்லுங்க, பாத்து வெட்டறேன்."

மைத்துனன் பிளக்கைக் கீழே போட்டான். வெட்டுப்பட்ட இடத்துக்கு வந்தான். விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். அவன் முகம் சிவப்பதை மாலுமி அதுவரை பார்த்ததில்லை; எந்நேரமும் அடுப்புப் பக்கத்தில் நிற்கிற முகம், ஏற்கனவே சிவப்புதான். இப்போது காதும் சிவந்தது.

"ஏன்?" என்றான்.

"உங்களுக்கு இருமல். தூசிகிட்ட போகக்கூடாதாம். உங்க அக்கா சொன்னா. நீங்க இங்க வந்து வந்து நெஞ்சைக் கெடுத்துக்கறதுக்கு இது இல்லாம இருந்தா..."

"மாவு."

"என்ன?"

"மாவுத்தூசி, மாமா. பேக்கரில பறக்கிற மாவு. அதைத்தான் டாக்டர் சொன்னார். இருபது வருஷமா மூக்குல துணி கட்டாம மாவு சலிக்கிறியே, நீ மனுஷனான்னு கேட்டார். இங்க வந்தா பன்னிமூக்கு மாதிரி இருக்கே அந்த மாஸ்க், அதைப் போட்டுக்கிட்டுத்தானே வேலை பாக்கறேன். இங்க எனக்கு இருமலே கிடையாது. அக்காகிட்ட தூசின்னு ஒரு வார்த்தை சொன்னேன். மிச்சத்தை அவளே எழுதிக்கிட்டா. அவ கவுண்டருக்குப் பின்னாடி நிக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எந்த டாக்டரையும் முடிக்க விட்டதில்ல."

மாலுமி கண்ணாடியையும் முகமூடியையும் கழற்றினார். கண்ணையும் மூக்கையும் சுற்றி வட்டமாக விட்டு மிச்ச முகமெல்லாம் வெள்ளையாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தியாகம் செய்தோம், அதுவும் தப்பான வியாதிக்கு என்று அவருக்கு எரிந்தது. அந்த எரிச்சலைக் காட்ட ஆள் வேண்டும். மனைவி இல்லை, டாக்டர் இல்லை. பக்கத்தில் இருந்த காலி டின்னை உதைத்தார். டின் காலி இல்லை. கால் வலித்தது.

"அந்த டின் என்ன பண்ணுச்சு?" என்றான் மைத்துனன்.

"நீங்க பேசாதீங்க."

"பேசுவேன். டின்னைத் திட்டுவீங்க, நாயைத் திட்டுவீங்க. நேத்து ஒரு ஆணியைத் திட்டினீங்க, நான் பக்கத்துலதான் நின்னேன், அந்த ஆணியை வளைச்சதே நான்தான். என்னை ஏன் திட்டல?"

"எதுக்குத் திட்டணும்? பரவாயில்லன்னு அன்னைக்கே சொன்னேனே."

"அதான் மாமா. அதேதான். பரவாயில்லன்னு சொன்னீங்க. நான் வீட்டுக்குப் போய் படுத்தா, கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். பரவாயில்லையாம். ரெண்டு பேரு சேந்து வாங்கினதை ஒருத்தன் தனியா நின்னு வளைச்சு வெச்சிருக்கான், பரவாயில்லையாம். இதையே பஞ்சர் கடைக்காரர் பண்ணியிருந்தா கழுத்தைப் புடிச்சிருப்பீங்க. அவர் பரவாயில்ல, மனுஷனா மதிச்சு ரெண்டு வார்த்தை திட்டு கிடைச்சிருக்கும். எனக்கு டீ. அதுவும் அந்தப் பூப்போட்ட கோப்பையில. அந்தக் கோப்பை யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? அது வீட்டுக்கு வர்ற ஏஜெண்டுக்கு எடுக்கறது. நான் ஏஜெண்டா?"

மாலுமி கையிலிருந்த மெஷினைக் கீழே வைத்தார்.

"நான் இங்க வர்றது பாவத்தைக் கழுவன்னு அக்கா சொல்லிட்டு இருக்கா. கழுவவெல்லாம் இல்ல. எனக்கு இது ஓடறதைப் பாக்கணும். நான் வளைச்சேன், நான் ஏத்தறேன். அது எனக்கும் ஜாக்கிக்கும் நடுவுல. ஆனா இங்க வந்தா, ஒரு மனுஷன் 'அதைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா'ங்கறான். ஏதோ பேங்க்ல நிக்கற மாதிரி இருக்கு. இன்னைக்கு என்னைக் கேக்காம வெட்டறீங்க. கேட்டா எனக்காகவாம். எனக்காகன்னா எங்கிட்ட கேக்க மாட்டீங்களா?"

"நீ கேட்டியா?" என்றார் மாலுமி.

"எதை?"

"நீ கேட்டியாடா அன்னைக்கு?"

மாலுமியின் குரல் லிஃப்ட் குழிக்குள்ளிருந்து வருவதுபோல அடியிலிருந்து கிளம்பி வந்தது. அதைத் தடுக்க அவருக்கே வழி தெரியவில்லை.

"ஃபோன்னு ஒண்ணு இருக்கில்ல? கையில வெச்சிருக்கியே, நாள் முழுக்க ரொட்டியைப் படம் புடிச்சு அனுப்பறியே, அதுல ஒரு வார்த்தை, மாமா, கட்டையை எடுக்கப் போறேன், எடுக்கலாமான்னு கேக்கக் கையா வலிக்குது? என்னை அசத்தணுமாம். அசந்துட்டேன்டா. இன்னும் எழுந்திரிக்கல. தாங்கிக்கிட்டு இருக்கறதை எடுக்கறியே, அது எதைத் தாங்குதுன்னு ஒரு நிமிஷம் குனிஞ்சு பாக்க மாட்டியா? ரொட்டியாடா இது? கவிழ்த்து வெச்சா நிக்கறதுக்கு? வெண்ணெய் தடவி விக்கலாம்னு பாத்தியா? எதையும் அரைகுறையாப் பாக்கறது, முழுசாப் பண்றது. எப்பவும் அப்படித்தான். என் வண்டியை வாங்கிட்டுப் போவே, பெட்ரோல் காலியா கொண்டுவந்து விட்டுட்டு, கண்ணாடியைத் துடைச்சு வெச்சிருப்பே. எவன் கேட்டான் கண்ணாடியை? என் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி நின்னு யோசிப்பே. வீட்டுல இருக்கற குளிரெல்லாம் உன் யோசனைக்கே போச்சு. என்னை அசத்தறேன்னு எங்க கல்யாண நாளுக்கு ஒரு கேக் பண்ணினியே, கதவு வழியா நுழையல, ஜன்னலைக் கழட்டினோம். ஞாபகம் இருக்கா? அன்னைக்கே உன்னைத் திட்டியிருக்கணும். திட்டியிருந்தா இன்னைக்கு எனக்கு ஒரு நேரான படகு இருந்திருக்கும்."

"கேக் நல்லா இருந்துச்சு," என்றான் மைத்துனன்.

"கேக் நல்லாத்தான் இருந்துச்சு. ஜன்னல் இன்னும் சரியா சாத்த மாட்டேங்குது."

கொட்டகை வாசலில் பஞ்சர் கடைக்காரர் தலையை நீட்டினார். "எல்லாம் சரிதானே?"

"குடும்ப விஷயம்," என்றார்கள் இருவரும். அவர் தலையை இழுத்துக்கொண்டார், ஆனால் காலடிச் சத்தம் தூரமாகப் போகவில்லை.

மாலுமியின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? கம்பெனில லீவுன்னாங்க. என்ன அது, மூச்சு வாங்குது?"

"திட்டிக்கிட்டு இருக்கேன்."

"யாரை?"

"உன் தம்பியை."

அந்தப் பக்கம் மாத்திரை அட்டையைக் கிழிக்கும் ஓசை கேட்டது.

"நல்லாத் திட்டுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இன்னும் திட்டினார். ஆணியை, கெட்டிலை, கதவை எல்லாம் திட்டியதில் வீணாகப் போனதுபோக மிச்சமிருந்தது அத்தனையையும் உரிய இடத்தில் சேர்த்தார். மைத்துனன் பிசின் டின்மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, நல்ல மழையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒருமுறை, "அது மட்டும் நான் இல்ல, அது அக்கா," என்று திருத்தினான். மாலுமி அதை ஏற்றுக்கொண்டு மேலே போனார். கடைசியில் வார்த்தை தீர்ந்து, வெட்டிய விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

மைத்துனன் எழுந்தான். மட்டக்கோலை எடுத்துக்கொண்டு குனிந்து படகின் அடியில் பிடித்தான். மாலுமியும் குனிந்தார். வெளிச்சம் தெரிந்தது. முன்னைவிட மெலிசு, ஆனால் வெளிச்சம்தான்.

"மாமா, இது தேறுமா?"

இரண்டு வருஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் அவன்தான். இப்போது அவனும் கேட்டுவிட்டான்.

"தேறாது," என்றார் மாலுமி. "இதுவரைக்கும் போட்டதுக்கு ஓடற படகே வந்திருக்கும். இனிமே போடறதுக்கு இன்னொண்ணு வரும். வித்தா வாங்கறவன் சிரிப்பான். மூக்கு தண்ணிக்குள்ள போகும், நாம ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டே போகணும்."

"அப்ப?"

"அப்ப என்ன. கட்டையை எடுக்கறதுக்கு முன்னாடி இனிமே எங்கிட்ட கேளு."

"நீங்களும் கேளுங்க."

"கேக்கறேன்."

"இதை?" மைத்துனன் விளிம்பிலிருந்து இறங்கிய வெட்டைக் காட்டினான்.

நல்ல ஃபைபர், வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"நான் போய் லாரியைத் திருப்பி அனுப்பறேன்," என்றார்.

"லாரிக்குச் சொன்னீங்களா?"

"இன்னும் சொல்லல."

"பின்ன எதை அனுப்பப் போறீங்க? இங்க வாங்க. பிடிங்க."

வெட்டின் இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்தார்கள். உள்பக்கம் ஒரு பலகையை வைத்து இறுக்கினார்கள். நார்ப்பாயைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி அடுக்கினான் மைத்துனன். ஃபைபர் ஒட்டுவது ஒருத்தனால் ஆகிற காரியமில்லை. ஒருவர் பிசினைக் கலக்கிப் பூச, இன்னொருவர் பாயை வைத்து உருளையால் காற்றை விரட்ட வேண்டும். பிசினை இறுகவைக்கும் ஹார்டனரை ஊற்றிவிட்டால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் கைகழுவவோ கோபித்துக்கொண்டு போகவோ முடியாது. மாலுமி பாத்திரத்தோடு நின்றார். மைத்துனன் பன்னிமூக்கு முகமூடியைப் போட்டுக்கொண்டு உருளையை உருட்டினான். உருட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஒரு மனுஷனுக்கு மெஷினை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஃபோன் பண்ணத் தோணாதா? ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் சங்கிலி போட்டுப் பத்திரமா இறக்குவீங்க, வீட்டு ஆளுன்னா நேரா கத்திதானா? அந்தப் பக்கம் பூசுங்க. இன்னும். வெட்டினதுதான் வெட்டினீங்க, நேராவாவது வெட்டினீங்களா, பாருங்க இதை, பாம்பு போன மாதிரி..."

முகமூடிக்குள்ளிருந்து பாதிதான் புரிந்தது. மாலுமி எதிர்த்துப் பேசாமல் பூசிக்கொண்டிருந்தார். பிசின் இறுகும்வரை மைத்துனன் விடவில்லை. அன்றைக்குக் குளிர் வேறு, இறுக ரொம்ப நேரமாயிற்று. குளிர் நாளில் ஹார்டனரைக் கூட்டி ஊற்ற வேண்டும், மாலுமி குறைத்து ஊற்றியிருந்தார். அதைக் கண்டுபிடித்து அதற்கும் திட்டினான்.